படிக்கக் கேட்டு

எண்பதுகளில் திண்டிவனத்தில் நிலம் வாங்கியவருக்குத் தன் கிரயப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். அதே மனிதர் அதே நிலத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கினால், அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பத்திரம் தமிழில் இருந்தது, கடன் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்தோ ரேகையோ இரண்டிலும் அவருடையதுதான்.

என் பெரியப்பா உரிமம் வாங்கிய பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த சின்ன அறை. சாய்வு மேசை, முத்திரைத்தாள் கட்டு, ஊதா மை ஊறிய ஸ்டாம்பு பேடு, ரேகை வைத்தவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்துக் கறுத்துப்போன துணி. பள்ளி விடுமுறையில் நான் அங்கேயே கிடப்பேன். எழுதி முடித்ததும் பெரியப்பா பத்திரத்தை உரக்கப் படிப்பார். விற்பவர், வாங்குபவர், சாட்சிகள், துணைக்கு வந்த மாமன் மச்சான் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். செக்குபந்தி வரும் இடத்தில் அவர் குரல் தானாகவே நிதானமாகும். "ஐயா, தெற்கால வரப்பு இல்லீங்க, வாய்க்கா" என்று யாராவது குறுக்கிடுவார்கள். அவர் நிறுத்துவார், அடித்துத் திருத்துவார், ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்குவார், பிறகு அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படிப்பார். படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பெருவிரல் மையைத் தொடும்.

பத்திர வேலை முடிந்ததும் மடியிலிருந்தும் மஞ்சள் பையிலிருந்தும் வேறு காகிதங்கள் வெளியே வரும். வங்கியின் கடன் விண்ணப்பம். நகை அடகு ரசீது. ஆயுள் காப்பீட்டு முன்மொழிவுப் படிவம். எல்லாம் ஆங்கிலம். அந்தக் காப்பீட்டுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி இருந்தது. விண்ணப்பிப்பவர் தாய்மொழியில் கையெழுத்துப் போட்டாலோ ரேகை வைத்தாலோ, கேள்விகளையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னேன், அவர் புரிந்துகொண்டுதான் பதில் சொன்னார் என்று இன்னொருவர் உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். பலர் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பெரியப்பா போடமாட்டார். எதிரே உட்கார வைத்து, "உனக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா? உங்கப்பா எதனால செத்தாரு?" என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். பின்னால் காத்திருப்பவர் முணுமுணுத்தால், "நாளைக்கு இவன் பொண்டாட்டி இந்தக் காகிதத்தத் தூக்கிக்கினு அலையும்போது நீயா வந்து பதில் சொல்லுவ?" என்பார். அதற்கு அவர் வாங்கிய கூலி ஒரு டீ. சில நாள் அதுவும் இல்லை.

அவர் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. ஒரு அக்காவின் நகை ஒரு வங்கிக் கிளையில் அடகில் இருந்தது. பதிவுத் தபாலில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய அக்கா, அதைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஏல அறிவிப்பு என்று அவருக்குத் தெரிந்தபோது ஏலமே முடிந்திருந்தது. சட்டப்படி அறிவிப்பு அனுப்பப்பட்டது, சட்டப்படி அவர் பெற்றுக்கொண்டார். யார் மீதும் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒழுங்காக நடந்து, தாய்வீட்டுச் சங்கிலி போய்விட்டது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

இப்போது நான் விழுப்புரத்தில், கிழக்கு பாண்டி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் உட்கார்ந்து, டச்சுக்காரர்களின் காப்பீட்டுப் பாலிசிகளையும் வீட்டுக் கடன் ஒப்பந்தங்களையும் இழப்பீட்டுக் கடிதங்களையும் மொழிபெயர்க்கிறேன். சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தபோது நெதர்லாந்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பணி வந்தது. அங்கே போய் இருந்த காலத்தில் மாலை வகுப்பில் டச்சு படித்து, அந்நாட்டு அரசு நடத்தும் மொழித் தேர்வையும் எழுதினேன். ஊர் திரும்பிய பிறகு அதுவே பிழைப்பானது. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. எனவே என் வேலை நாள் மதியத்துக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன இடத்தைக் காட்டுவேன். டச்சுக்காரர்கள் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி வைப்பார்கள். 1.250 என்று அவர்கள் எழுதினால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ. நம் ஊர்க் கணினியின் அட்டவணையில் அதை அப்படியே ஒட்டினால் ஒன்றேகால் ஆகிவிடும். மேல்மாடிக் குழாய் உடைந்து கூரை ஒழுகி, சோபாவும் தரைவிரிப்பும் நாசமான ஒரு குடும்பத்தின் இழப்பீட்டு மதிப்பு அந்த ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் நான் முடித்த கோப்பை இன்னொருவர் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கிறார். ஐ.எஸ்.ஓ. 17100 என்ற தரநிலை அதைக் கட்டாயமாக்குகிறது: மொழிபெயர்த்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர். இயந்திரம் முதல் வரைவைத் தந்து, மனிதர் திருத்துவது என்ற ஏற்பாடு இப்போது பெருகிவிட்டது. அதற்கும் 18587 என்று தனித் தரநிலை உண்டு. கூலி குறைந்ததுதான் மிச்சம். ஆனாலும் விலக்கு விதிகள் வரும் பக்கங்களை நான் இயந்திரத்தின் வரைவைப் பார்க்காமலே எழுதுகிறேன். எது கிடைக்காது என்று சொல்லும் வரியில் ஒரு ‘இல்லை’ நழுவினால், அது ஒரு குடும்பத்தின் பணம்.

பெரியப்பா ஊர் ரகசியத்தையெல்லாம் நெஞ்சிலேயே வைத்திருந்தார். யார் எவ்வளவுக்கு நிலத்தை விற்றார், யார் வீட்டில் என்ன வியாதி, எல்லாம் அவருக்குத் தெரியும், ஒரு வார்த்தை வெளியே போகாது. இன்று எனக்கு அதையே ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு டச்சு மூதாட்டியின் நோய் விவரத்தை இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டினால் நான் வேலையை இழப்பேன், கம்பெனி அபராதம் கட்டும்.

அந்த மூதாட்டிக்கு அவள் நாட்டுச் சட்டம் தரும் மரியாதையை நான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். நெதர்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 1.8 கோடி. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படியே 7.2 கோடிப் பேர். அங்கே பெரும்பாலானவர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார்கள். ஆனாலும் சாதாரண வாடிக்கையாளரின் பாலிசி டச்சில்தான் வீட்டுக்கு வருகிறது. நிதி நிறுவனங்கள் தரும் தகவல் சரியாகவும் தெளிவாகவும் திசைதிருப்பாமலும் இருக்க வேண்டும் என்று அவர்களுடைய நிதி மேற்பார்வைச் சட்டம் சொல்கிறது. 2018 அக்டோபர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆயுள் காப்பீடு அல்லாத ஒவ்வொரு பாலிசியையும் விற்கும் முன் ஒரு தகவல் தாள் தர வேண்டும். இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், மிஞ்சிப்போனால் மூன்று. எதற்குக் காப்பீடு உண்டு என்பதற்குப் பச்சை டிக், எதற்கு இல்லை என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி, எங்கே கட்டுப்பாடு என்பதற்கு ஆச்சரியக் குறி. அவர்களுடைய சிவில் சட்டத்தின் ஆறாம் புத்தகத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது: ஒப்பந்த விதியின் பொருளில் சந்தேகம் வந்தால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும். குழப்பமாக எழுதினால் நஷ்டம் எழுதியவனுக்கு. திண்டிவனத்தில் குழப்பத்தின் நஷ்டம் எப்போதும் ரேகை வைத்தவருக்கே போனது.

டச்சு மொழிக்கும் எங்கள் ஜில்லாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலை சாலையில் போனால் செஞ்சி. 1608இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இறங்கி, செஞ்சி நாயக்கரிடம் வணிகம் செய்ய அனுமதி பெற்றார்கள். 1610இல் பழவேற்காடு, 1658இல் நாகப்பட்டினம். வந்தது பெரும்பாலும் துணிக்காக. வணிகர் மூலம் தறிக்காரருக்கு முன்பணம் போகும், நெய்த துணி கப்பலேறும், பற்றுவரவு டச்சில் எழுதப்பட்டு பத்தாவியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகும். நடுவே பேசித் தீர்க்கத் துபாஷிகள் இருந்தார்கள். அந்தப் பேரேடுகள் இன்று ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான அலமாரியில் இருக்கின்றன. டச்சுப் பதிவேடுகள் நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உண்டு. கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்தக் கம்பெனி 1602இல் ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் மூலதனம் திரட்டியது. ஆம்ஸ்டர்டாமில் முதலீட்டுப் பதிவேடு திறந்து வைக்கப்பட்டது ஒரு கம்பெனி இயக்குநரின் வீட்டில். பதிவு முடியும் தறுவாயில் அந்த வீட்டு வேலைக்காரியே 100 கில்டர் போட்டாள். நீல்ட்கென் கொர்னெலிஸ் என்று அவள் பெயர் இன்றும் பேரேட்டில் இருக்கிறது. அவள் பணம் அவள் பேசிய மொழியில் பதிவானது. அவள் போட்ட காசும் சேர்ந்துதான் பிற்பாடு முன்பணமாக இந்தக் கரைக்கு வந்தது. வாங்கிய தறிக்காரரின் கடன் மட்டும் அவர் ஒருநாளும் படிக்க முடியாத மொழியில் எழுதப்பட்டது. பாத்திரம் கழுவிய பெண்ணுக்குக் கிடைத்தது நெய்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அதே டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறார்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அங்கத்தைய தமிழர் வழக்கங்களைத் தொகுத்தார். அதுதான் தேசவழமை. சீதனம், முதுசம் மட்டுமல்ல, ஒற்றி, அடகு, வட்டி எல்லாம் அதில் வருகின்றன. டச்சில் எழுதிய அந்தத் தொகுப்பை யான் பீரூஸ் என்பவர் தமிழாக்கினார். அந்தத் தமிழ்ப் படியைப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்து, எங்கள் வழக்கம் இதுதான் என்று அவர்கள் ஒப்பிய பிறகே நீதிமன்றங்களுக்கு அனுப்பினார்கள். ஆட்சிக்கு வசதி என்றுதான் செய்தார்கள், அன்பினால் அல்ல. ஆனாலும் முறை சரி. யாரைக் கட்டுப்படுத்துமோ அவர்களிடமே படித்துக் காட்டி, திருத்தம் கேட்டு, ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். பிற்பாடு ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத் தமிழர் விஷயத்தில் தேசவழமை இன்றும் செல்லுபடியாகிறது.

விவசாயிக்கும் நிதிக்கும் உள்ள உறவு பற்றி எனக்கு வரும் டச்சுக் கோப்புகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அங்கே பெரிய நிறுவனங்கள் பல, கிராமத்திலிருந்து எழுந்தவை. அக்மெயா என்ற பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் வேர் 1811இல் ஃப்ரீஸ்லாந்தின் அக்லும் கிராமத்தில் 39 விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய தீ விபத்துச் சங்கம். ரபோபேங்க் 1972இல் இரண்டு விவசாயக் கூட்டுறவு வங்கி அமைப்புகள் இணைந்து உருவானது. அந்த இரண்டு அமைப்புகளுமே ஜெர்மனியின் கூட்டுறவு முன்னோடி ரைஃபைசன் காட்டிய வழியில் வந்தவை. அதே ரைஃபைசன் முறையை மதராஸ் மாகாணத்துக்குக் கொண்டுவரலாம் என்று பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1895இலும் 1897இலும் நீண்ட அறிக்கை எழுதினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஆக, திண்டிவனத்தைச் சுற்றியுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் அந்த டச்சு வங்கியும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை. எங்கள் பக்கத்துச் சங்கத்தில் உறுப்பினர் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் தமிழில்தான் இருந்தன. மணிலாவுக்கு வாங்கிய கடன் எவ்வளவு, தவணை எப்போது என்று எழுதத் தெரியாத கிழவரும் சொல்வார். பணத்தைப் பற்றித் தமிழில் எழுதினால் துல்லியம் இருக்காது என்று வாதிடுபவர்களிடம் நான் இந்தப் புத்தகங்களைத்தான் காட்டுவேன்.

இப்போது விதிகள் நன்றாகவே இருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்க் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், விளக்க வேண்டும், புரிந்தது என்று ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆண்டு வட்டியோடு மற்ற கட்டணங்களையும் சேர்த்து மொத்தச் செலவு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் 2024 ஜனவரி 1 முதல் வாடிக்கையாளர் தகவல் தாள், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். பெரியப்பா இருந்திருந்தால் இதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

ஆனால் கைக்கு வரும் தமிழைப் படித்துப் பாருங்கள். தெருக்காரர்கள் கொண்டுவரும் தாள்களைப் பார்த்தே சொல்கிறேன். இயந்திரம் கக்கியதை யாரும் தொட்டதில்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். எழுவாய் ஒரு பக்கம், வினை ஒரு பக்கம். கடன் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்றே இடம் மாறிக் கிடக்கும். டச்சு பாலிசிக்கு மொழிபெயர்ப்பவர், சரிபார்ப்பவர், சட்டம் தெரிந்த மூன்றாமவர் என்று மூன்று ஜோடிக் கண்கள். நம் தாளுக்கு ஒரு ஜோடிகூட இல்லை. செலவு ஆகும் என்கிறார்கள். ஒரு மாதிரிப் படிவத்தை ஒருமுறை ஒழுங்காகத் தமிழில் எழுதினால் லட்சக்கணக்கானோருக்கு அதே போதும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வங்கி ஓய்வூதியர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களாக இருந்தவர்கள், பத்திர எழுத்தர்கள் எத்தனை பேர். தொழில் தெரிந்தவர்கள், தமிழும் தெரிந்தவர்கள். எனக்கு யூரோவில் கிடைக்கும் கூலியில் பாதியைக் கொடுத்தாலே அவர்கள் இந்த வேலையைச் சிறப்பாகச் செய்வார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

இதன் விலை 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது கண்கூடாகத் தெரிந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பெரும்பாலும் தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை, அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமம் அல்லது பிர்காவின் சராசரி விளைச்சலை வைத்துத்தான். அறுத்து வயலிலேயே காயப் போட்ட பயிர் புயலில் நனைந்தால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை தனியாகக் கேட்க வழி உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பிரீமியம் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? என்னிடம் வந்து கேட்டவர்கள் எல்லோருமே அந்த மூன்று நாள் கழித்துத்தான் வந்தார்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை, ரோடும் இல்லை என்பது ஒரு காரணம். அப்படி ஒரு கெடு இருப்பதே தெரியாது என்பது இன்னொன்று. முன்னதற்கு இயற்கையைச் சொல்லலாம்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கச்சி ஒருத்தி, இரண்டு பவர் மெஷின் வாங்கக் கடன் கேட்டிருந்தாள். வங்கிக் கிளையில் ஆங்கிலத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்களாம். "தமிழ்ல குடுங்க சார், குடுக்கணும்னு ரூல் இருக்குன்னு எங்க அண்ணன் சொன்னாரு" என்று நின்றிருக்கிறாள். அரை மணி நேரம் கழித்து அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்தாள். அவள் மாமியாரும் கூட வந்தார். நான் படித்தேன். கடன் தொகை, தவணை, வட்டி, செயல்முறைக் கட்டணம். அவள் ஒவ்வொன்றையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். காப்பீட்டுப் பிரீமியம் என்ற வரி வந்ததும் பேனா நின்றது.

"அண்ணா, இந்த இன்சூரன்ச நான் எப்பக் கேட்டேன்?"

"நீ கேக்கலன்னா வேணாம்னு சொல்லலாம்மா. உன் சம்மதம் இல்லாம சேக்கக் கூடாது."

"வேணாம்னா லோன் குடுக்க மாட்டாங்களோ?" என்றார் மாமியார்.

"அப்படிச் சொன்னா அதையும் எழுத்துல குடுக்கச் சொல்லுங்கம்மா."

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேலாளர் அவர்களுக்கு என்று தொடங்கி அங்கேயே எழுதினாள். நாலே வரி. எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டவில்லை. மாமியார் பக்கம் திரும்பி உரக்கப் படித்தாள். "கட்டணத்தக் கழிச்சுட்டு புதுசா ஒரு தாள் வேணும்னு சேத்து எழுது" என்றார் மாமியார். அடித்துத் திருத்திச் சேர்த்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளையில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தாள். புதிய தாள் அந்த வாரமே வந்தது. அதில் அந்த வரி இல்லை.